மீட்டர் எண்ணாத ஓட்டம்

பழைய கார் விற்பனை விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு சிபாரிசு ‘டாக்டர் வண்டி’. அதோடு ‘சிங்கிள் ஓனர்’, ‘முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு’ என்ற இரண்டும் சேர்ந்துவிட்டால் பேரம் பாதி முடிந்த மாதிரி. அதே வருடத்து, அதே மாடல் செடான் ஒன்று ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிப் பக்கத்திலேயே நின்றால், பானெட்டைத் திறந்து பார்க்கக்கூட ஆள் வருவதில்லை. ஆனால் அந்த டாக்டர் வண்டி எப்படி ஓடியிருக்கும்? காலையில் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு நாலு கிலோமீட்டர், மதியம் சாப்பிட வீட்டுக்கு நாலு கிலோமீட்டர், மாலையில் கிளினிக்குக்கு மூன்று. இன்ஜின் முழுதாகச் சூடேறுவதற்குள் ஒவ்வொரு பயணமும் முடிந்துவிடுகிறது. ஒன்றரை லட்சம் ஓடிய வண்டியோ வாரந்தோறும் சென்னைக்கும் திருச்சிக்கும் நாற்கரச் சாலையில் போய்வந்ததாக இருக்கலாம். இரண்டில் எது குறைவாகத் தேய்ந்தது என்று கிலோமீட்டரை வைத்துச் சொல்ல முடியாது. காரணம் எளிது: கார் ஒரே கணக்கில் தேய்வதில்லை. சில பாகங்கள் தூரக் கணக்கில் தேய்கின்றன, சில ஓடிய மணிக்கணக்கில், சில ஸ்டார்ட் செய்த எண்ணிக்கையில், சில சும்மா நின்றாலும் வருடக் கணக்கில். ஒரு பழைய செடானை நம்பலாமா என்ற கேள்வி, எந்தப் பாகம் எந்தக் கணக்கில் தேய்கிறது, அந்தக் கணக்கு இந்த வண்டியில் எங்கே வந்து நிற்கிறது என்ற கேள்விதான்.

ஓடோமீட்டர் இந்த நான்கில் ஒன்றை மட்டும் எண்ணுகிறது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. வீல் பேரிங், டயரின் பட்டன், டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டுகள் போன்றவற்றுக்கு அது ஓரளவு நேர்மையான சாட்சி. மற்றவற்றுக்கு அல்ல. ஆனாலும் சந்தை அந்த எண்ணையே பிடித்துத் தொங்குகிறது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே நேரத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய எண் வேறொன்று இல்லை. விலை அந்த எண்ணைப் பொறுத்து ஏறி இறங்குவதால் திருத்தப்படுவதும் அதுவே. அமெரிக்காவில் ஆண்டுக்கு 4,50,000 கார்களுக்கும் மேல் பொய்யான ஓடோமீட்டர் எண்ணோடு விற்கப்படுவதாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. பல் சக்கரம் போய் டிஜிட்டல் மீட்டர் வந்த பிறகு திருத்துவது கடினமாகும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு, லேப்டாப்பும் ஒரு கேபிளும் இருந்தால் போதும் என்றாகிவிட்டது. ஆனால் மோசடி இந்தக் கட்டுரையின் கவலை அல்ல. எண் சத்தியமாகவே உண்மையாக இருந்தாலும் அது போதாது என்பதுதான் இங்கே வாதம்.

மணிக்கணக்கிலிருந்து தொடங்கலாம். சிக்னலில் ஏசி போட்டுக்கொண்டு நிற்கும் காரில் ஓடோமீட்டர் அசைவதில்லை. கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு எழுநூறு எண்ணூறு முறை சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஆயில் பம்ப் ஓடுகிறது, ஏசி கம்ப்ரஸர் ஓடுகிறது, ஆயில் சூட்டில் ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து பழசாகிக்கொண்டே இருக்கிறது. காற்று எதிரே வந்து மோதாததால் பானெட்டுக்குள் வெப்பம் இன்னும் கூடுகிறது. இதைக் கார் தயாரிப்பாளர்களே ஒப்புக்கொண்டதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. ஃபோர்டு நிறுவனம் காவல்துறைக்கென்று தயாரித்த கிரவுன் விக்டோரியா போலீஸ் இன்டர்செப்டர் ஒரு பெரிய செடான். 2011 வரை கனடாவில் செயின்ட் தாமஸ் ஆலையில் உருவானது. ரோந்துக் கார் நாளின் பெரும்பகுதி ஒரே இடத்தில் இன்ஜினை ஓடவிட்டபடி நிற்கும். அதனால், அப்படி நின்ற ஒவ்வொரு மணி நேரத்தையும் ஏறக்குறைய 33 மைல், அதாவது சுமார் 53 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமாகக் கணக்கிடச் சொன்னது ஃபோர்டு. பிற்கால மாடல்களில் இன்ஜின் ஓடிய மணிநேரமும் தனியாகப் பதிவானது. காவல்துறை கழித்துவிட்ட அந்தக் கார்கள் ஏலத்தில் டாக்சிக்காரர்களிடம் போனபோது, விவரம் தெரிந்தவர்கள் பார்த்தது அந்த மணிக்கணக்கைத்தான். நம் ஊர்க் கார்களில் அப்படி ஒரு மீட்டர் இல்லை; ஆனால் வகுத்தல் தெரிந்தால் போதும். மணிக்குச் சராசரி 20 கிலோமீட்டர் வேகத்தில் நகரத்துக்குள்ளேயே 60,000 கிலோமீட்டர் ஓடிய காரின் இன்ஜின் 3,000 மணி நேரம் சுற்றியிருக்கிறது. சராசரி 60 கிலோமீட்டரில் 1,50,000 ஓடிய காரின் இன்ஜின் சுற்றியது 2,500 மணி நேரம். இன்ஜினைப் பொறுத்தவரை இரண்டாவது வண்டிதான் இளசு.

ஸ்டார்ட் எண்ணிக்கை இதைவிடக் கடுமையான கணக்கு. இரவு முழுக்க நின்ற இன்ஜினில் ஆயில் கீழே வடிந்து கிடக்கும். சாவியைத் திருப்பியதும், ஆயில் மேலேறி உலோகங்களுக்கு இடையே படலமாக நிற்கும் வரை உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. அது சில நொடிதான். பெரிய சேதம் அதற்கு அடுத்த சில நிமிடங்களில் வேதியியல் வழியாக நடக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. இது கேட்க வியப்பாக இருந்தாலும், ஹைட்ரோகார்பனில் உள்ள ஹைட்ரஜன் போய்ச் சேரும் இடம் அதுதான். பெரும்பகுதி ஆவியாகி சைலன்ஸர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயிலுக்குள் இறங்கும். குளிர்ந்த இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் கொடுப்பதால், எரியாத பெட்ரோலும் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு அதே வழியில் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். ஆனால் டாஷ்போர்டில் தெரியும் வெப்பநிலை கூலண்ட்டினுடையது. ஆயில் அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் அந்தச் சூட்டை எட்டும். நாலு கிலோமீட்டர் பயணத்தில் எட்டாது. நாளுக்கு நாள் தண்ணீரும் பெட்ரோலும் சேர்ந்து ஆயில் நீர்த்துப்போகிறது, அமிலத்தன்மை ஏறுகிறது. வருடத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத காரில், பத்தாயிரம் ஆகட்டும் என்று இரண்டு வருடம் ஆயில் மாற்றாமல் விட்டால், அந்த ஆயில் எந்த டாக்சியின் ஆயிலையும்விட மோசமாக இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. பழைய கார் வாங்குவதற்கான அறிவுரைப் பட்டியல்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. ஆயில் மூடியின் உட்புறம் மோர் நிறத்தில் கூழ் படிந்திருந்தால், குறைந்த தூரப் பயணத்தால் வந்த ஈரம், பயப்பட வேண்டாம் என்று அவை சொல்லும். ஜனவரியில் உறைபனி விழும் ஊருக்கு அது சரி. காலை ஆறு மணிக்கே 28 டிகிரி இருக்கும் சென்னையில் அந்தக் கூழைப் பார்த்தால், ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலண்ட் ஆயிலுக்குள் கசிகிறதா என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். துருவும் அப்படியே. அங்கே பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பு காரின் அடிப்பகுதியை அரிக்கிறது. மதுரையில் ஓடிய வண்டிக்கு அந்தப் பயம் இல்லை. தூத்துக்குடியிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியோ திறந்த வெளியில் நின்ற வண்டிக்கு உண்டு. வண்டி எங்கே நின்றது என்பதும் வரலாறுதான்.

ஹெட் கேஸ்கெட்டைச் சொன்னதால் அதன் கணக்கையும் பார்த்துவிடலாம். மாருதி டிசையர் டீசலில் இருந்த ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் போன்ற இன்ஜின்களில் கீழே பிளாக் வார்ப்பிரும்பு, மேலே ஹெட் அலுமினியம். ஒவ்வொரு டிகிரிக்கும் அலுமினியம் இரும்பைப் போல் இரண்டு மடங்கு விரியும். ஹெட்டின் நீளம் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேறும்போது அலுமினியம் சுமார் 0.64 மில்லிமீட்டர் நீளும், இரும்பு சுமார் 0.31. இந்த மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தை நடுவில் இருக்கும் கேஸ்கெட்தான் ஒவ்வொரு முறையும் தாங்கிக்கொள்ள வேண்டும். ஒருமுறை சூடேறி முந்நூறு கிலோமீட்டர் போனாலும் ஒரு தடவை, சூடேறி ஆறு கிலோமீட்டரில் நின்றாலும் ஒரு தடவை. காலையில் எடுத்து இரவில் நிறுத்தும் கால் டாக்சி இன்ஜின் சில லட்சம் கிலோமீட்டர் தாண்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சீட், கதவுக் கீல், சஸ்பென்ஷன் எல்லாம் தளர்ந்து தொங்கும் வண்டியிலும் இன்ஜின் சீராக ஓடுவதைப் பார்க்கலாம்.

வருடக் கணக்கு யாருக்கும் தள்ளுபடி தருவதில்லை. ரப்பர் ஆக்ஸிஜனாலும் ஓசோனாலும் இறுகிப் போகிறது. வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் கைக்கணக்காகப் பயன்படும் விதி. லோயர் ஆர்ம் புஷ், இன்ஜின் மவுண்ட், கூலண்ட் ஹோஸ் எல்லாம் வெயிலில் நிற்கும் காரிலும் வயதாகின்றன. டயரின் பக்கவாட்டில் 3519 என்று நான்கு இலக்கம் இருந்தால் அது 2019-இன் 35-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் புத்தம்புதிதாக இருந்தாலும் வயது வயதுதான். பிரேக் ஆயில் இதில் ஆபத்தானது, காரணம் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்துப் புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்ததும் எதிர்பார்க்கப்படும் குறைந்த அளவு 155 டிகிரிதான். ஊருக்குள் ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. 70 கொண்டை ஊசி வளைவுகளோடு கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது தெரியும்: பிரேக்கின் சூட்டில் ஆயிலுக்குள் ஆவிக் குமிழி உண்டாகி, மிதி அடிவரை போகும், வண்டி நிற்காது. கூலண்ட்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டிய ரேடியேட்டரும் இதே ரகம். அரிப்பைத் தடுக்கும் ரசாயனம் இல்லாமல் அலுமினியம் அரிக்கப்படும், தண்ணீரின் உப்பு குழாய்களுக்குள் படியும். கூலண்ட் டேங்கில் பச்சையோ சிவப்போ தெரியாமல் துரு நிறம் தெரிந்தால், முந்தைய உரிமையாளரின் குணம் தெரிந்துவிட்டது.

இந்தக் கணக்குகளை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒவ்வொரு மாடலுக்கும் சொல்லப்படும் ‘வழக்கமான கோளாறுகள்’ பட்டியலுக்கு வேறு அர்த்தம் கிடைக்கிறது. பலர் அதைக் குற்றப்பத்திரிகையாகப் படித்துவிட்டு அந்த மாடலையே ஒதுக்குகிறார்கள். உண்மையில், இந்த மாடலில் பலவீனமான பாகம் எது, அது எந்தக் கணக்கில் தேய்கிறது என்று சொல்லும் அரிய தகவல் அது. மேலே சொன்ன மல்டிஜெட் இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். டிசையர், எஸ்எக்ஸ்4, சியாஸ், டாட்டா மான்ஸா, ஃபியட் லினியா, செவர்லே செய்ல் என்று அத்தனை நிறுவனங்களின் செடான்களிலும் அது இருந்ததால் ‘இந்தியாவின் தேசிய இன்ஜின்’ என்று பத்திரிகைகள் கேலியும் பாராட்டுமாக எழுதின. அதன் அறியப்பட்ட பலவீனங்களில் ஒன்று டைமிங் செயின். செயின் ‘நீண்டுவிட்டது’ என்பார்கள் மெக்கானிக்குகள்; உலோகம் நீள்வதில்லை, கண்ணிகளின் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் சேரும் நூலிழை இடைவெளி மொத்தமாகச் செயினை நீளமாக்குகிறது. தேய்ப்பது ஆயிலில் மிதக்கும் டீசல் கரித்துகள். ஆக, அந்தச் செயினின் ஆயுளைத் தீர்மானிப்பது கிலோமீட்டரைவிட, ஆயில் எவ்வளவு நாள் மாற்றாமல் கிடந்தது என்பதே. ஒரே இன்ஜின், ஒரே செயின். பராமரிப்பு பில்கள் கையில் இருக்கும் வண்டியும் இல்லாத வண்டியும் இரண்டு வேறு மாடல்கள் என்றே கொள்ளலாம். செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட் உள்ள கார்களில் கதை மாறும். ஃபோக்ஸ்வாகன் வென்டோவின் 1.6 டீசலில் இருப்பது பெல்ட். அது ரப்பர் என்பதால் தூரக் கணக்கும் வருடக் கணக்கும் இரண்டுமே பொருந்தும். எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். அதன்பின் செலவு பெல்ட் விலையில் நிற்காது.

ஆட்டோமேட்டிக் செடான்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அதே வென்டோவிலும் ஸ்கோடா ரேபிடிலும் வந்த ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டியில் இரட்டைக் கிளட்ச் ஆயிலில் மூழ்காத உலர் வகை. நின்ற இடத்திலிருந்து கிளட்ச்சை உரசவிட்டுக் காரை நகர்த்தும்போது, கார் பெறும் இயக்க ஆற்றலுக்கு ஏறக்குறைய சமமான ஆற்றல் கிளட்ச் தட்டில் வெப்பமாகிறது. 1,200 கிலோ காரை 15 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர அது சுமார் பத்து கிலோ ஜூல். ஒரு டம்ளர் தண்ணீரைப் பத்து டிகிரி சூடாக்கப் போதுமான வெப்பம். ஒரு தடவைக்கு ஒன்றுமில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் மாலை ஏழு மணிக்கு, முந்தைய சூடு ஆறுவதற்குள் அடுத்த பத்து கிலோ ஜூல் வந்துகொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் முந்நூறு கிலோமீட்டர் போகும் அதே கார் டோல்கேட்டிலும் டீக்கடையிலும் மட்டும் அந்த விலையைக் கொடுக்கிறது. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து இந்தப் பெட்டியின் சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றியது. வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில், நின்று நின்று மெதுவாக ஓட்டும்போது, அந்தச் சிந்தெடிக் ஆயில் மின்பகுதியில் கோளாறு உண்டாக்கக்கூடும் என்பதே சொல்லப்பட்ட காரணம். வெப்பம், ஈரம், நின்று நின்று ஓட்டம் மூன்றும் சென்னையின் அன்றாடம். ஆகவே இந்தப் பெட்டியுள்ள பழைய செடானில் கேட்க வேண்டியது எத்தனை கிலோமீட்டர் என்றல்ல, எந்தச் சாலையில் என்று.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்த பிறகான டீசல் செடான்களில் கரித்துகள் வடிகட்டி சேர்ந்தது. அது சேர்த்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள 600 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். அதற்குச் சாலையில் தொடர்ந்து ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே ஓடும் காரில் இந்த எரிப்பு தொடங்கித் தொடங்கிப் பாதியில் நிற்கும். அதற்கென்று கூடுதலாகத் தெளிக்கப்பட்ட டீசலில் ஒரு பங்கு ஆயிலுக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைந்திருந்தால் எல்லோரும் கவலைப்படுவார்கள். இந்தக் கார்களில் மட்டம் கூடியிருந்தால் இன்னும் அதிகமாகக் கவலைப்பட வேண்டும்.

இத்தனையும் எதற்கு, பெயர்பெற்ற கம்பெனியின் காரை வாங்கிவிட்டால் போயிற்று என்று சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. சராசரியில் சில நிறுவனங்களின் கார்கள் குறைவாகத்தான் கெடுகின்றன. ஆனால் வாங்குவது சராசரியை அல்ல, ஒரு குறிப்பிட்ட வண்டியை. நம்பகத்துக்குப் பேர்போன டொயோட்டாவே 2007 முதல் 2009 வரை அமெரிக்காவில் விற்ற 2.4 லிட்டர் கேம்ரி கார்களில் பிஸ்டன் ரிங் பிரச்சினையால் ஆயில் குறைந்துகொண்டே போனது. நிறுவனம் தனித் திட்டம் அறிவித்துப் பழுது பார்த்துக் கொடுத்தது. அந்தக் கேம்ரியைப் பெயரை நம்பி வாங்கி டிப்ஸ்டிக்கைப் பார்க்காதவர் இன்ஜினை இழந்திருப்பார். குறையைத் தெரிந்து வாங்கி மாதம் இருமுறை பார்த்தவர் பல வருடம் ஓட்டியிருப்பார்.

என் வாதத்துக்கு உண்மையிலேயே இடிக்கும் எதிர்ச்சான்று வேறு. ஹூண்டாய் சொனாட்டாவின் 2011, 2012 மாடல்கள் சுமார் 4,70,000 கார்களை 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் திரும்ப அழைத்தார்கள். கிராங்க் ஷாஃப்ட்டைக் கடைந்தபோது உதிர்ந்த உலோகத் துகள் ஆயில் வழிகளில் தங்கி, கனெக்டிங் ராட் பேரிங்குக்கு ஆயில் போகாமல் தடுத்து, ஓடும்போதே இன்ஜின் நின்றுபோகும் ஆபத்து. பிறகு திரும்ப அழைப்பு மேலும் விரிந்தது. நிறுவனத்துக்குள்ளிருந்தே ஒருவர் உண்மையை வெளியே சொன்னார். 2020-இல் ஹூண்டாயும் கியாவும் சேர்ந்து 21 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தக் காரை மாதம் ஒருமுறை ஆயில் மாற்றிப் பூப்போல ஓட்டியிருந்தாலும் பேரிங் போயிருக்கலாம். தூரம், மணி, ஸ்டார்ட், வருடம் எதிலும் அடங்காத, பிறவியிலேயே வந்த குறை அது. நான்கு கணக்குகளும் தயாரிப்புக் குறையைக் காட்டிக்கொடுக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதற்கு வேறு வழி உண்டு. இத்தகைய குறை இலட்சக்கணக்கான கார்களில் இருப்பதால் சில வருடங்களில் வெளிவந்துவிடும். சேஸிஸ் எண்ணைக் கொடுத்துத் திரும்ப அழைப்பு உண்டா, அந்த வேலை முடிந்ததா என்று நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடலாம். அந்த வகையில், ஏழு வருடம் சந்தையில் அடிபட்ட மாடல், போன வருடம் அறிமுகமான மாடலைவிட வாங்குபவருக்கு அதிகம் தெரிந்தது.

கிலோமீட்டர் கூடினால் தேய்மானமும் கூடுவது உண்மைதானே, சந்தை முட்டாளா என்பது இன்னொரு கேள்வி. ஆயிரம் கார்களை மொத்தமாக எடுத்தால் கிலோமீட்டருக்கும் பழுதுக்கும் தொடர்பு இருக்கத்தான் செய்யும். ஐந்து லட்சம் ஓடிய வண்டியை யாரும் புதுசு என்று சொல்லப் போவதில்லை. மொத்தமாக வாங்கி விற்கும் வியாபாரிக்கு அந்தத் தொடர்பு போதும். ஒரே ஒரு காரை வாங்கி ஆறு வருடம் ஓட்டப் போகிறவருக்குப் போதாது. தவிர, சந்தை கிலோமீட்டருக்கு மிகையாக விலை வைப்பதே விவரம் தெரிந்தவருக்கு லாபம்: ஒழுங்கான பில்களோடு நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி, அதன் உண்மையான தேய்மானத்துக்கு ஏற்ற விலையைவிட மலிவாகக் கிடைக்கும்.

எலெக்ட்ரானிக்ஸ் எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாமல் திடீரென்று போகும் என்பார்கள். பெரிதும் உண்மை. பொறியாளர்கள் வரையும் ‘குளியல்தொட்டி’ வளைவின் தட்டையான நடுப்பகுதி அதுதான்: தொடக்கக் குறைகள் தீர்ந்து, முதுமை இன்னும் வராத காலத்தில், எப்போதாவது தற்செயலாக வரும் பழுது. ஆனாலும் சர்க்யூட் பலகையின் சால்டர் இணைப்புகள் சூடேறி ஆறும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சோர்வடைகின்றன. அங்கேயும் ஸ்டார்ட் எண்ணிக்கை ஒளிந்திருக்கிறது. உண்மையாகவே கணக்கை உடைப்பது வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் மூழ்கிய கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. தண்ணீர் வடிந்து, சீட் துவைத்து, டிங்கரிங் பெயிண்ட்டிங் முடித்து வெளியூர்ச் சந்தைக்குப் போனவையும் உண்டு. கனெக்டர்களுக்குள் அரிப்பு மாதக்கணக்கில் மெதுவாக வேலை செய்யும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக்கோடு தெரியலாம்; சீட்டின் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி பள்ளத்தின் மடிப்புகளில் வண்டல், தரைவிரிப்பின் அடியிலுள்ள பஞ்சில் ஈர நாற்றம் ஆகியவற்றைக் கழுவி மறைப்பது கடினம். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் வரலாற்றையும் கேட்டு வாங்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் பேரம் பேசத் தேவையில்லை. விட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.

மறைந்திருக்கும் கணக்குகளைப் படிக்கப் பெரிய கருவி தேவையில்லை. சர்வீஸ் பில்களில் கிலோமீட்டரைவிடத் தேதிகளைப் பாருங்கள். இரண்டு ஆயில் மாற்றங்களுக்கு இடையே எத்தனை மாதம் என்பது எத்தனை ஆயிரம் என்பதற்கு நிகரான செய்தி. டிரிப் கம்ப்யூட்டர் காட்டும் சராசரி வேகம் அழிக்கப்படாமல் இருந்தால் மணிக்கணக்கு அதிலேயே இருக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓபிடி அடாப்டரைச் செருகினால், பல கார்கள், கோளாறுக் குறிப்புகள் கடைசியாக அழிக்கப்பட்டபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை முறை இன்ஜின் குளிர்ந்து சூடேறியது என்று இரண்டு எண்களைத் தரும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு பயணத்தின் சராசரி நீளம் தெரிந்துவிடும். இரண்டாம் எண் 255-க்கு மேல் எண்ணாது என்பதால் அதற்குக் கீழே இருந்தால் மட்டுமே இந்த வகுத்தல் செல்லும். கூலண்ட் சுமார் 70 டிகிரியை எட்டாத குட்டிப் பயணங்கள் அதில் சேராது. உண்மை நிலை அந்தச் சராசரியைவிட மோசமாகத்தான் இருக்கும். தூரம் வெறும் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று வந்தால், நேற்று யாரோ எச்சரிக்கை விளக்கை அணைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வண்டி பார்க்க வருவதற்குமுன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். போனதும் பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும். செயினின் கிலுகிலுப்பும் வால்வு சீலின் நீலப் புகையும் குளிர்ந்த இன்ஜினின் முதல் சில நொடிகளில்தான் நன்றாக வெளிப்படும். சூடான இன்ஜின் நல்ல பிள்ளையாக நடிக்கும்.

டிகோர் மாதிரியான எலெக்ட்ரிக் செடான்கள் பழைய கார் சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டன. அங்கே கிலோமீட்டரின் செல்வாக்கு இன்னும் குறையும். லித்தியம் பேட்டரி இரண்டு வழியில் மூப்படைகிறது: சார்ஜ் ஏறி இறங்கும் சுற்றுகளால் ஒன்று, சும்மா இருக்கும் காலத்தால் மற்றொன்று. நூறு சதவீதம் சார்ஜோடு மே மாத வெயிலில் நாள்கணக்கில் நிறுத்தப்பட்ட பேட்டரி, ஓடாமலேயே தேய்கிறது. விற்பனையாளர்கள் இப்போதே ‘பேட்டரி ஹெல்த் 94 சதவீதம்’ என்கிற மாதிரி ஒரு எண்ணை முன்வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த எண் எங்கிருந்தும் நேரடியாக அளக்கப்படுவதில்லை. மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை ஆகியவற்றை வைத்து மென்பொருள் போடும் மதிப்பீடு. முழு சார்ஜிலிருந்து ஏறக்குறைய காலியாகும் வரை ஓட்டி, மறுபடி நிரம்ப எத்தனை யூனிட் உள்ளே போகிறது என்று சார்ஜரில் பார்த்தால், சார்ஜ் ஏற்றும்போது ஆகும் இழப்பைக் கழித்துவிட்டு அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு பகல் ஆகும். அதற்கு விற்பவர் சம்மதிக்கிறாரா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.